கிடப்பில் கிடக்கும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைச் சீரமைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்லைப்புறத்திலும் பழைய ஷெட்டிலும் தார்ப்பாய்க்குக் கீழே இன்னும் சில ஹெரால்டுகள் நின்றுகொண்டிருக்கின்றன. அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி, விற்க மனம் வரவில்லை, ஓட்டவும் வழியில்லை. அப்படி ஒரு காரை எடுத்துச் செய்யலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. அம்பாஸடர், ஃபியட் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். ஆனால் சேஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) பற்றிச் சொல்வது முழுக்க ஹெரால்டுக்கானது.

எங்களிடம் இருப்பது எந்த ஹெரால்டு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவானி மிகெலொட்டி. சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961-இல் அதை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் இங்கே செய்யத் தொடங்கியது. 948 சிசி, நான்கு சிலிண்டர். முதலில் இரண்டு கதவு. 1960-களின் கடைசியில் வந்த மார்க் 3-க்கு நான்கு கதவு. நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறெங்கும் செய்யப்படவில்லை. அதற்கு அப்புறம் வந்தது கெஸல், 1970-களில்.

கீழே படுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் மேல் குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங் கிடந்து, இரண்டு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடினால் அது ஸ்விங் ஆக்ஸில் ஹெரால்டு. கெஸலில் அதை எடுத்துவிட்டு வழக்கமான ஒற்றை ஆக்ஸில் போட்டார்கள். சாமான் தேடும்போது இது முக்கியம். ஹெரால்டின் பின் சஸ்பென்ஷன் பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம், கெஸலுக்கு இங்கேதான் தேட வேண்டும்.

எதை முதலில் பார்க்க வேண்டும்? இன்ஜினா, பாடியா?

இரண்டும் இல்லை, ஆர்.சி. புக்.

வண்டியில் அடித்திருக்கும் சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டின் மேல் பெயிண்ட் ஏறியிருந்தால் தின்னர் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள், சுரண்டாதீர்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. விலைக்கு வாங்குவதானால் 29, 30. புத்தகம் தொலைந்திருந்தால் போலீஸ் புகாரோடு படிவம் 26. பதிவைப் புதுப்பிக்க 25. பதிவு காலாவதியாகி வருடக்கணக்கில் ஆகியிருந்தாலும் நம்பர் ஆர்.டி.ஓ. பதிவேட்டில் இருந்தால் வழி உண்டு. பதிவேட்டிலேயே இல்லை, கையிலும் காகிதம் இல்லை என்றால், வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் காகிதம் சரியாகும்வரை பணம் போடாதீர்கள்.

சேஸ் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, ஏன்?

ஹெரால்டின் கதையே அதில்தான் இருக்கிறது. ட்ரையம்ஃபுக்குப் பாடி செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனம் போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கைக்குப் போய்விட்டது. ஒரே துண்டாகப் பாடி செய்து தர ஆள் இல்லை. அதனால் தனி சேஸ் ஒன்றைச் செய்து, அதன் மேல் பாடியைத் துண்டுதுண்டாக போல்ட் போட்டு மாட்டும்படி அமைத்தார்கள். அந்தக் காலத்துச் சிறிய கார்கள் தனி சேஸ் இல்லாத ஒற்றைக்கூட்டுப் பாடிக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் இது ஒரு பின்வாங்கல் என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் பெட்டியில் அனுப்பி இன்னொரு நாட்டில் பூட்டுவதற்கு இதைவிட வசதி கிடையாது. அறுபது வருடம் கழித்துக் கழற்றிச் செய்வதற்கும் அப்படித்தான்.

ஆகவே பாடியில் ஓட்டை இருப்பது பெரிய விஷயமல்ல, மாற்றலாம். சேஸ் போயிருந்தால் கணக்கே வேறு. பார்க்க வேண்டிய இடங்கள் இவை. நடுவில் ஓடும் இரண்டு முதன்மைக் கம்பிகள், முக்கியமாக டிஃபரன்ஷியலை அவை தாங்கும் பகுதி. அவற்றிலிருந்து இரு பக்கமும் கைபோல நீளும் அவுட்ரிகர்கள். அவுட்ரிகர்களை இணைக்கும் பக்கக் கம்பிகள். டிக்கிக்கு அடியில் போகும் நீட்சிகள். அவுட்ரிகரும் பக்கக் கம்பியும் அரித்திருப்பது சகஜம், வெட்டிப் புதிது வைக்கலாம். முதன்மைக் கம்பி டிஃபரன்ஷியல் பக்கத்தில் அரித்திருந்தால், நல்ல வெல்டரும் நேரான தளமும் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

சோதிக்க ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும் சிறிய சுத்தியும் போதும். தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் மந்தமாக மாறும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். கறுப்பாக அண்டர்கோட்டிங் அடித்துப் பளபளவென்று இருக்கும் சேஸைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். விற்பதற்கு முன் துருவை மூட அதைவிடச் சுலபமான வழி இல்லை.

சேஸ் வளைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். வண்டியைச் சமதளத்தில் நான்கு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை வாங்கிக்கொண்டு வந்து, சேஸின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்த புள்ளிகளிலிருந்து தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் குறியிடுங்கள். குறிகளுக்கு இடையே மூலைவிட்டமாக அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். சில மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. ஒரு சென்டிமீட்டர் என்றால் எப்போதோ அடி வாங்கிய வண்டி.

கதவு இடைவெளியையும் பாருங்கள். மேலே நெருக்கம், கீழே அகலம் என்று இருந்தால் சேஸ் தொங்கியிருக்கலாம், அல்லது பாடி மவுண்ட்டில் (பாடியைச் சேஸோடு போல்ட் போடும் இடம்) வைத்த பட்டைகள் இற்றுப் போயிருக்கலாம். ஜாக்கியை அவுட்ரிகருக்கு அடியில் கொடுத்துச் சற்றே தூக்கும்போது கதவு சிக்கினால் முதல் காரணம்தான் என்று எடுத்துக்கொண்டு ஆராயுங்கள்.

இருபது வருடமாக ஸ்டார்ட் பண்ணாத இன்ஜின். பேட்டரி மாட்டிப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். பிஸ்டன் ரிங் சிலிண்டரில் ஒட்டியிருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் வேகத்தில் ரிங் உடையும், சுவர் கீறும். ரிங் மாற்றிச் சரிசெய்யக்கூடிய இன்ஜின், சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் போரிங் வரைக்கும் போய்விடும்.

நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் ஊற்றுங்கள். டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றுகிறவர்களும் உண்டு. சில நாள் ஊறட்டும். கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினின் முன்னால் ஃபேன் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். ஹெரால்டில் இது சுகமான வேலை. மட்கார்டோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னால் சாய்வதால், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினைத் தொடலாம். அசையவில்லையென்றால் நீளக் குழாய் மாட்டி மல்லுக்கட்ட வேண்டாம். இன்னும் ஊறவையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதுதான் மரியாதை.

சுற்றுகிறது என்றால் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றி, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டு ஆயில் மேலேறுவதைப் பாருங்கள். அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றித் திரும்ப அளங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

இந்த இன்ஜினுக்கே உரிய ஒரு பலவீனம் உண்டு, விலை பேசும் முன்பே பார்த்துவிடலாம். கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் அரைவட்ட வாஷர்கள் பின் மெயின் பேரிங்கில் இருக்கின்றன. அவை தேய்ந்தால் கீழே ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும். அப்புறம் கிராங்க் நேராக பிளாக்கையே தின்ன ஆரம்பிக்கும். ஒருவர் கிளட்சை மிதித்து விடட்டும், நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். இருக்க வேண்டிய ஆட்டம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது. புல்லி முன்னும் பின்னும் போய் வருவது தெளிவாகத் தெரிகிறதா? அந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சம்ப்பை இறக்கிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஓட்டிப் பார்க்க முடிகிற வண்டியானால் இன்னொரு விஷயம். முதல் கியரில் சின்க்ரோ, அதாவது கியர் சத்தமில்லாமல் விழ உதவும் அமைப்பு, கிடையாது. ஓடும்போது முதல் கியர் போட்டால் கரகரக்கும். அது பழுதல்ல.

முன் சக்கரம் மடங்கி விழும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இந்தக் காரில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். முன் சஸ்பென்ஷனில் செங்குத்தாக நிற்கும் இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டி, பித்தளை போன்ற உலோகத்தில் செய்த டிரனியன் என்ற கட்டைக்குள் முறுக்கியிருப்பார்கள். ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் திரும்புகிறது. அதற்குப் போட வேண்டியது இ.பி. 90 கியர் ஆயில் என்று கம்பெனியே சொன்னது. இங்கே பல ஷெட்களில் நிப்பிள் மாட்டி கிரீஸ் அடித்தார்கள். கிரீஸ் இறுகி, அடிவரை போகாமல் நின்று, தண்ணீர் தங்கி, உள்ளே மரை துருப்பிடிக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வண்டியைத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும்.

வருடக்கணக்கில் நின்ற வண்டியில் இரண்டு பக்கமும் கழற்றித்தான் பார்க்க வேண்டும், விதிவிலக்கே கிடையாது. மரையில் குழி விழுந்திருந்தால் தண்டையும் டிரனியனையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. சாமான் வாங்கும்போது எந்தப் பக்கத்துக்கு என்று பார்த்து வாங்குங்கள். விலை ஒன்றும் மிரட்டாது. ட்ரையம்ஃபின் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் கார்களுக்கும் ஏறத்தாழ இதே அமைப்பு என்பதால் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள்.

பிரேக்?

பெடல் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், உள்ளே சிலிண்டர் அரித்திருக்கும். ரப்பர் கப், ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாமே புதிதாக வேண்டும். வீல் சிலிண்டர் புதிது கிடைக்காவிட்டால் நல்ல லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போடலாம். டாட் 3 அல்லது 4 மட்டுமே ஊற்ற வேண்டும். மினரல் ஆயில் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். ஒற்றைச் சுற்று பிரேக் என்பதால் எங்கு ஒழுகினாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும்.

ஒயரிங் முழுசாக மாற்ற வேண்டுமா?

எலி கடித்திருந்தால், ஆம். இல்லாவிட்டால் ஒயரை வளைத்துப் பாருங்கள். மேலுறை வெடித்தால் மாற்ற வேண்டியதுதான். லூகாஸ் நிறக்கணக்குப்படியே மாற்றச் சொல்லுங்கள். கறுப்பு எர்த், பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை ஃப்யூஸ் வழியாக வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட். கையில் கிடைத்த நிறத்தில் எலக்ட்ரீசியன் இழுத்துவிட்டுப் போனால் அடுத்த பழுதுக்கு முழு வண்டியையும் அவிழ்க்க வேண்டி வரும். பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா என்று பார்க்காமல் பேட்டரியை மாட்டாதீர்கள்.

பாடியும் பெயிண்டும்?

சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்திக்கொண்டே போங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. முக்கியமாகப் பார்க்க வேண்டியவை: கதவின் அடிப்பக்கம், கதவுக்குக் கீழே ஓடும் சில் (sill), பின் மட்கார்டின் கீழ்ப்பகுதி, ஸ்டெப்னி கிடக்கும் குழி, பானெட்டின் முன் உதடு, தரைவிரிப்புக்குக் கீழே பிளோர். தரைவிரிப்பைத் தூக்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். மழைத்தண்ணீர் முன் கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கித் தேங்குவது அங்கேதான்.

டிங்கரிங் வேலையை அவசரப்படுத்தக் கூடாது. தகட்டை அடித்து நேராக்குகிறவர் ஒருவர், பட்டி போட்டு நேராக்குகிறவர் இன்னொருவர். அவர் முன்பு செய்த வண்டியைப் போய்ப் பாருங்கள். புது வண்டியை அல்ல, முடித்து இரண்டு மழைக்காலம் கடந்த வண்டியை. பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. இன்ஜின் இறக்குவதும் வெல்டிங்கும் முடியாமல் பெயிண்ட் அடித்தால் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

எல்லா போல்ட்டும் கழலும் என்கிறீர்கள். அப்படியானால் முழுசாகப் பிரித்துவிட்டே தொடங்கலாமா?

இதற்குத்தான் என் பதில் மிகக் கண்டிப்பாக இருக்கும்: வேண்டாம். நின்றுபோன சீரமைப்புகளில் பெரும்பாலானவை துருவால் நின்றவை அல்ல, பிரித்துப் போட்டதால் நின்றவை. ஹெரால்டைப் பிரிக்க ஒரு வார இறுதி போதும். பானெட் வரும், கதவு வரும், பாடியின் முன்பாதி ஒரு துண்டு, பின்பாதி ஒரு துண்டு என்று நான்கு பேர் தூக்கி இறக்கிவிடலாம். அந்தச் சுலபமே ஆபத்து. மொத்தமாகப் பிரித்த வண்டியில் ஒவ்வொரு மாதமும் செலவு தெரியும், முன்னேற்றம் தெரியாது. வாடகைக்கு இடம் வைத்திருந்தால் இன்னும் மோசம்.

பகுதி பகுதியாகச் செய்யுங்கள். வண்டி எப்போதும் தன் சக்கரத்தில் உருளும் நிலையிலேயே இருக்கட்டும். முன் சஸ்பென்ஷனை எடுத்தால் அதை முடித்து மாட்டிவிட்டு பிரேக்குக்குப் போங்கள். அப்புறம் இன்ஜின். சேஸில் பெரிய வெல்டிங் இருப்பது உறுதியானால் மட்டும் பாடியைத் தூக்குங்கள். தூக்கும் முன் கதவு இடைவெளிகளை அளந்து எழுதி, திறப்பில் குறுக்குக் கம்பி வைத்துக் கட்டுங்கள். பாடி மவுண்ட்டில் எந்த இடத்தில் எத்தனைப் பட்டை இருந்தது என்பதைப் படமெடுங்கள். அதைத் தொலைத்தவர்கள் கதவை மூட மாதக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். பழைய போல்ட்டையும் கிளிப்பையும் பெயரெழுதிய கவரில் போட்டு வையுங்கள். எடைக்குப் போடாதீர்கள், மாதிரிக்காகவாவது வேண்டும்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஒரு தொகை சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். சேஸ், பிரேக், சஸ்பென்ஷன், இன்ஜின், ஒயரிங், டிங்கரிங், பெயிண்ட், குஷன், குரோம் என்று தனித்தனித் தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் சாமான் வேறு, கூலி வேறு. டிங்கரிங்கும் பெயிண்டும் சேர்ந்தே மற்ற எல்லாவற்றையும் எட்டிப்பிடிக்கும் என்பதற்குத் தயாராக இருங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி, அதை எண்ணாமல் வையுங்கள். வேலை தொடங்கிய பிறகு தெரியவரும் துரு அதைக் கேட்கும்.

பிறகு ஒரு கேள்வி உங்களுக்கே: ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்கா, கண்காட்சியில் நிறுத்துவதற்கா? ஓட்டுவதற்கென்றால் பழைய பெயிண்டையும் சீட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு இயந்திரத்தை மட்டும் சரிசெய்யலாம். எனக்குப் பிடித்தது இந்த வழிதான். அப்பா கை பட்டுத் தேய்ந்த ஸ்டீயரிங்கைப் புதிதாக்கி என்ன செய்யப் போகிறோம்?

சாமான் கிடைக்குமா?

இன்ஜின், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பாகங்கள் இங்கிலாந்தில் தாராளமாகக் கிடைக்கின்றன, சுங்க வரியும் தபால் செலவும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் தேடலாம், பழைய மெக்கானிக்குகளின் பரண்களிலும் தேடலாம். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா போன்ற அமைப்புகளில் இருப்பவர்களிடம் கேட்பதுதான் சீக்கிரம் பலன் தரும். அசல் நிலையில் ஒரு பாகம் எப்படி இருந்திருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஓடும் நிலையில் உள்ள இன்னொரு ஹெரால்டைத் தேடிப் போங்கள்.

இந்தியாவில் மட்டும் செய்த பாகங்கள்தான் நெருக்கடி. மார்க் 3-இன் பின்கதவு, அதன் கண்ணாடி, கெஸலின் கிரில், விளக்குகள். வாங்கும்போதே இவை முழுசாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இன்ஜின் இல்லாத மார்க் 3-ஐக்கூட வாங்கலாம். பின்கதவு இல்லாத மார்க் 3-ஐ வாங்க வேண்டாம்.

புது மாடல் இன்ஜின் போட்டால் தொல்லை இல்லையே?

தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி அனுமதியில்லாமல் வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. அதோடு, 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி 50 வருடத்துக்கு மேற்பட்ட, சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை வின்டேஜ் எனப் பதியலாம். இன்ஜினை மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும்.

அந்தப் பதிவின் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாகப் பதிவதற்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000 என்று விதியில் இருக்கிறது. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வின்டேஜ் வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்கு மட்டுமே. அடிக்கடி ஓட்ட நினைப்பவர்கள் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே நல்லது.

இப்போதைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

ஒத்துக்கொள்ளும், சில மாற்றங்களோடு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடும். டாங்கிலிருந்து கார்பரேட்டர் வரை எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள், பம்ப் டயஃப்ரமையும் சேர்த்து. எத்தனால் ஈரம் இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் டாங்கில் தேங்கவிடாதீர்கள். ஹெட்டைக் கழற்றும்போது கடினமான எக்ஸாஸ்ட் வால்வ் சீட் போட்டுவிட்டால் ஈயமில்லாத பெட்ரோலால் வால்வ் சீட் தேயும் என்ற கவலையும் தீரும். டிக்கிக்குள் இருக்கும் டாங்க் ஓட்டையானால், முழுக்கச் சுத்தம் செய்து ஆவி போகாமல் யாரையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். காலி டாங்க்தான் வெடிக்கும்.

முதன்முதலாக ரோட்டில் எடுக்கும்போது?

தெருவைத் தாண்ட வேண்டாம். பிரேக்கை நான்கைந்து முறை மெதுவாகப் பிடித்துப் பார்த்து, திரும்பி வந்து நான்கு டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டிக்கொள்ளுங்கள், சூடான இன்ஜின் 2000 ஆர்.பி.எம்.மில் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் நிம்மதி. வளைவில் வேகம் வேண்டாம். ஸ்விங் ஆக்ஸில் வண்டியில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வால் வீசும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு வீல் நட், பாடி மவுண்ட் போல்ட், ஸ்டீயரிங் ரேக்கின் பிடி எல்லாவற்றையும் மறுபடி முறுக்கி, டிரனியனில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள்.